உறையிலேயே கிடந்த ரேண்டல்: ஒரு தோல் பிடியின் நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்ட கத்தி, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகரில் அடிக்கப்படும் ரேண்டல் மாடல் 1. ஓ-1 கருவி எஃகில் அலகு, பித்தளையில் கைக்காப்பு, தோல் வாஷர்களை அடுக்கிச் செய்த பிடி, அடியில் டூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் மூடி. வாங்கியவர் சில காலம் பயன்படுத்திவிட்டு, துடைத்து உறையில் செருகி அலமாரியில் வைத்திருப்பார். பல பத்தாண்டுகள் கழித்து அது அப்படியே வெளியே வரும். இந்த மாடல் சேகரிப்பாளர் கைக்கு அடிக்கடி இந்த நிலையில்தான் வருகிறது. ஆகவே இதை ஒரு தனிக் கத்தியின் வரலாறாகப் படிக்க வேண்டாம். இந்த நிலையில் ஒன்று மேசைக்கு வந்தால் எதைப் பார்ப்பது, எதைச் சரிசெய்வது, எதில் கை வைக்காமல் விடுவது என்பதே பேச்சு. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடலாம்: இப்படிப்பட்ட பிடிகளில் பாதிச் சேதத்தை உறை செய்கிறது, மீதியை எண்ணெய்க் குப்பி செய்கிறது.

பிடி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

1930-களில் மிச்சிகன் மாநிலத்து வலூன் ஏரிக்கரையில் ஒருவர் படகின் பழைய பெயிண்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்படிச் சுரண்டியும் அலகு கெடாததைப் பார்த்து வியந்தவர், பின்னர் இந்தக் கத்திகளைச் செய்யத் தொடங்கிய போ ரேண்டல். அந்தக் கத்தியைச் செய்தவர் வில்லியம் ஸ்கேகல். தோல் வாஷர்களுக்கு இடையில் வண்ணத் தகடுகளைச் செருகிப் பிடி அடுக்குவது ஸ்கேகலின் கைவண்ணம். ரேண்டலின் தோல் பிடி அந்த வழியில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது மாடல் 1 படைவீரர்களிடையே பெயர் பெற்றது.

அலகின் பின்புறம் மெல்லிய இரும்புக் காம்பாக நீண்டு பிடிக்குள் முழுவதும் ஓடுகிறது. அதில் முதலில் பித்தளைக் காப்பு, பிறகு நார்த்தகடுகள் (அழுத்திய நாரில் செய்த மெல்லிய வண்ணத் தகடுகள்), பிறகு துளையிட்ட தோல் வாஷர்கள், மறுபடி நார்த்தகடுகள், கடைசியில் டூராலுமின் மூடி. காம்பின் முனையில் பித்தளை நட்டு இறுக்கி, மூடியோடு சமமாக ராவிவிடுவார்கள். அடுக்கை அழுத்திப் பிடித்த நிலையில்தான் தோலை வடிவத்துக்குத் தேய்ப்பது.

ஆக ஒரே பிடிக்குள் கார்பன் எஃகு, பித்தளை, அலுமினியக் கலவை, தோல், நார்த்தகடு என ஐந்து பொருள்கள். எஃகுக்கு ஈரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தோலுக்கு ஓரளவு ஈரம் இருந்தாக வேண்டும். இந்த இழுபறியைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் எந்தப் பராமரிப்பும் ஒன்றைக் காப்பாற்றி மற்றொன்றைக் கெடுக்கும்.

கண்டவை

உறையிலிருந்து எடுக்கும்போதே கவனம் வேண்டும். உறையின் வாயில் தோல் அலகோடு ஒட்டியிருக்கலாம். முறுக்காமல் நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். வராவிட்டால் கட்டாயப்படுத்தாமல், உறையின் ஓரங்களை இரு விரலால் அழுத்தி வாயைச் சற்றே விரித்து மீண்டும் முயல வேண்டும். வெளியே எடுத்ததும் துடைக்கக் கூடாது. முதலில் படம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துச் சாய்வொளியில் எடுத்தால் வாஷர்களின் மேடு பள்ளம் தெளிவாக விழும்.

10 மடங்கு லென்ஸில் பார்க்கும்போது இந்த நிலைக் கத்திகளில் தெரிபவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். காப்பு தோலைத் தொடும் கோட்டில் பச்சை நிறத்தில் மெழுகு போன்ற களிம்பு. காப்புக்கும் முதல் தகட்டுக்கும் இடையில் மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி. நகத்தை ஓட்டினால் நார்த்தகடுகள் தோலைவிட மேலெழுந்து தட்டுப்படும். தகடு நீட்டவில்லை, தோல்தான் சுருங்கி உள்வாங்கியிருக்கிறது. மூடியில் நட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. தோலின் மேல் ஆங்காங்கே வெண்பூச்சு. அலகில், உறையின் வாய் இருந்த இடத்திலும் உறையின் பித்தளைப் பொத்தான், ரிவெட் பட்ட இடங்களிலும் கறுத்த புள்ளிகளும் சிறு குழிகளும்.

பிறகு ஆட்டம் பார்ப்பது. காப்பை ஒரு கையிலும் மூடியை மறு கையிலும் பிடித்து, ஈரத் துணி பிழியும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் திருப்பிப் பார்க்கலாம். வாஷர்கள் சுழன்றால் அடுக்கின் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். காதருகே வைத்து லேசாக ஆட்டும்போது உள்ளே மணல் உருள்வது போலச் சத்தம் கேட்டால், காம்பில் துரு ஏறி உதிர்ந்துகொண்டிருக்கிறது.

பெயர் முத்திரையையும் பார்த்து வைக்க வேண்டும். அருகே தனியாக ஓர் 'எஸ்' அடித்திருந்தால் அலகு துருப்பிடிக்காத எஃகு. இல்லாவிட்டால் ஓ-1. அதில் கார்பன் சுமார் 0.9%, குரோமியம் 0.5% மட்டுமே. இந்த அளவு குரோமியம் துருவைத் தடுக்காது.

ஏன் இப்படி ஆகிறது

களிம்பிலிருந்து தொடங்கலாம். தோல் பதனிடும்போதும் பிறகு பராமரிக்கும்போதும் அதற்குள் கொழுப்பு ஏறுகிறது. கொழுப்பு பழசாகும்போது கொழுப்பமிலங்கள் பிரிகின்றன. அவை பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்து செப்புச் சோப்பாக மாறுகின்றன. அதுதான் அந்தப் பச்சை மெழுகு. வெண்கலப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் ஏறும் களிம்பின் உறவுக்காரன்தான். இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது: தோலில் எண்ணெய் கூடக் கூடக் களிம்பும் கூடும். 'பிடி காய்ந்திருக்கிறது' என்று ஆண்டுதோறும் எண்ணெய் தடவியவர்களின் கத்தியில்தான் பச்சை மிக அடர்த்தியாக இருக்கிறது.

உறையும் தோல்தான், பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை அமெரிக்காவில் ஓக், ஹெம்லாக் பட்டைகள் செய்தன. அந்தச் சாற்றின் டானின் அமிலத்தன்மை உடையது, இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அலகில் உறை தொட்ட இடமெல்லாம் கறுத்திருப்பதன் காரணம் இதுவே. போதாக்குறைக்குத் தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்து மெதுவாக விடுகிறது. அந்த ஈரம் எஃகை ஒட்டியே நிற்கிறது.

தோல் சுருங்குவது ஈரப்பதம் ஏறி இறங்குவதால். ஈரத்தில் வாஷர் உப்பும். ஆனால் காப்புக்கும் மூடிக்கும் நடுவே உப்ப இடமில்லாமல் நசுங்கும். காய்ந்தால் நசுங்கிய அளவிலிருந்தே சுருங்கும். இப்படிச் சில நூறு முறை நடந்தபின் அடுக்கு தளர்ந்துவிடுகிறது.

நட்டைச் சுற்றிய வெள்ளைப் பொடி, இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பதன் விளைவு. பித்தளையும் அலுமினியமும் சேரும் இடத்தில் வியர்வை உப்பு இருந்தால் அலுமினியமே அரிபடும்.

செய்தவை, வரிசைப்படி

முதல் வேலை அலகு. பிடிக்கு ஈரம் கொடுக்கப் போகிறோம் என்பதால் எஃகுக்கு முதலில் பாதுகாப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். பிடியை மெல்லிய காகிதத்தில் சுற்றி நூலால் கட்டுவது போதும். ஒட்டும் டேப் வேண்டாம், உரிக்கும்போது தோலின் மேற்பூச்சையும் கொண்டுவந்துவிடும். சிவந்த துரு இருந்தால் ஒரு துளி மினரல் ஆயில் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, தீட்டிய மூங்கில் குச்சியாலோ செம்புத் தகட்டின் விளிம்பாலோ சுரண்ட வேண்டும். எஃகைவிட மென்மையான எதுவும் ஆகும். சாம்பல் நிறப் படலத்தைத் தொடக் கூடாது. அது அலகைக் காக்கிறது, கத்தியின் வயதுக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. பளபளப்பாக்கும் சக்கரத்தின் பக்கம் போனால் முத்திரையின் விளிம்புகள் மழுங்கும், கத்தியின் விலையும் அதோடு போகும். கடைசியில் எண்ணெயைத் துடைத்தெடுத்து, நுண்படிக மெழுகை மிக மெல்லிதாகப் பூசலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு இந்த வகையைச் சேர்ந்தது. அரைப் பட்டாணி அளவு ஒரு முழுக் கத்திக்குப் போதும்.

அடுத்தது களிம்பு. உலர்ந்த நிலையிலேயே பல் குச்சியால் நெம்பி எடுக்க வேண்டும். பெரும்பகுதி மெழுகுத் துணுக்காகப் பெயர்ந்து வரும். மிச்சத்துக்கு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றிக் கிட்டத்தட்டக் காயவைத்து, பித்தளையின் மேல் மட்டும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுக் குச்சி. தோலில் பட்டால் மெழுகைக் கரைத்துத் திட்டாக்கும்.

நம் வீட்டுப் பழக்கத்தில் பித்தளை என்றதும் கை புளிக்குப் போகும். இங்கே புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றுமே கூடாது. அமிலம் காப்புக்கும் தோலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் இறங்கிக் காம்பை அடையும். அங்கே போனதைத் துடைத்தெடுக்க வழியில்லை. கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷும் வேண்டாம். அதன் வெள்ளை மாவு தோலின் துளைகளில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

வெண்பூச்சு எது என்பதை உறுதிசெய்யாமல் துடைக்கக் கூடாது. தோலிலிருந்து கொழுப்பு வெளியே வந்து உறைந்தாலும் வெள்ளைதான், பூசணம் பிடித்தாலும் வெள்ளைதான். கொஞ்சம் சுரண்டி ஒரு ஸ்பூனில் வைத்து, ஸ்பூனின் அடியை மெழுகுவத்தியில் காட்டினால் கொழுப்பு உருகிப் பளபளக்கும், பூசணம் உருகாது. லென்ஸில் பூசணம் நூல் நூலாகத் தெரியும். கொழுப்பானால் மென்துணியில் துடைத்தால் போதும். பூசணமானால் வீட்டுக்கு வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டி, மூக்குக்கு முகமூடி போட்டுக்கொள்வது நல்லது. உறையிலும் அதே பூசணம் இருக்கும், அதையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

பிடியின் தோலை நேராகச் சூடாக்கும் எண்ணம் வந்தால் விட்டுவிட வேண்டும். பட்டைச் சாற்றில் பதனிட்ட புதுத்தோலே நனைந்த நிலையில் சுமார் 70 முதல் 85 டிகிரி செல்சியஸில் சுருங்கிக் கெட்டியாகும். பழந்தோலுக்கு அந்த அளவு இன்னும் கீழே. முடி உலர்த்தும் கருவியின் காற்று அதை எளிதில் எட்டும்.

பிடியின் ஈரப்பதம்தான் பொறுமை கேட்கும் பகுதி. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு ஈரப்பதமானி, மர இசைக்கருவிகளுக்கென விற்கும் 49% ஈரப்பதப் பொட்டலம் ஒன்று. பொட்டலம் எஃகைத் தொடக் கூடாது. பொட்டலம் கிடைக்காவிட்டால் மெக்னீசியம் நைட்ரேட் உப்பைக் கொஞ்சம் நீரில் கரையாமல் மிஞ்சும் அளவுக்குப் போட்டுக் கிண்ணத்தில் வைத்தால், 25 டிகிரியில் காற்றை 53% அருகே நிறுத்தும். ஆனால் அது தெறித்தால் எஃகுக்கு ஆகாது. மூன்று வாரம் அப்படியே விட்டால் சுருங்கிய வாஷர்கள் சற்று மீளும். இடைவெளி முழுதும் மூடாது. கால்வாசி மூடினாலே வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு மெழுகு. துணியில் அதே அரைப் பட்டாணி அளவு, பிடி முழுக்க ஒரே மெல்லிய பூச்சு, பத்து நிமிடம் கழித்து வேறு துணியால் தேய்ப்பு. மறுநாள் இன்னொரு முறை. விரல் பதியும் பள்ளங்களில் மெழுகு தேங்கி வெளுக்கும், பழைய பல் துலக்கும் தூரிகையால் எடுக்க வேண்டும். நட்டைச் சுற்றிய வெள்ளைப் பொடியை மரக் குச்சியால் உதிர்த்துவிட்டு அங்கேயும் மெழுகு.

தோல் தொட்டால் செம்பொடியாகக் கையில் ஒட்டினால் நிலைமை வேறு. அது தோலின் நாரே சிதைந்த நோய், எண்ணெயோ மெழுகோ அதை மீட்காது. எத்தனாலில் 2% அளவு கரைத்த ஹைட்ராக்ஸிபுரோப்பில் செல்லுலோஸை தூரிகையால் தொட்டுவைத்துப் பொடியை இறுக்கிப் பிடிக்கலாம். நார்த்தகடு சிவப்பாக இருந்தால் முதலில் ஓரத்தில் சோதிக்க வேண்டும், பழைய சிவப்புச் சாயம் ஆல்கஹாலில் கசியக்கூடும்.

கெடுத்துவிடும் மூன்று வழிகள்

நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் (மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் தோல் எண்ணெய்) பிடியை ஊறவைப்பது முதலாவது. சுருங்கிய தோல் ஊதிப் பெருத்து இடைவெளி மூடியதுபோல் தெரியும். ஒரு மாதத்தில் தோல் பஞ்சாகிவிடும், பிடித்தால் நசுங்கும், எண்ணெய் காப்பின் அடியில் போய் மறுபடி களிம்பு. ஊறவைத்தது தண்ணீரானால் கதை இன்னும் மோசம். வெளியே பார்க்கக் காய்ந்திருக்கும், உள்ளே காம்பைச் சுற்றி ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். துரு எஃகைவிட அதிக இடம் பிடிக்கும், உள்ளிருந்து வாஷர்களைத் தள்ளும்.

இரண்டாவது, தட்டுப்படும் நார்த்தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குவது. மழைக்காலம் வந்தால் தோல் உப்பி, இப்போது தகடு பள்ளமாகும். அதைவிட முக்கியம், தகடுகளின் எண்ணிக்கையும் நிறமும் தடிமனும் கத்தியின் காலத்தைச் சொல்லும் தடயங்கள். உறையும் அப்படியே. ஆரம்ப காலத்தில் டென்வர் நகரின் ஹைசர் என்ற தோல் பட்டறை தைத்தது, 1960-களில் ஜான்சன் என்ற உறைத் தயாரிப்பாளருக்கு மாறியது. கத்தியின் காலமும் உறையின் காலமும் ஒத்துப்போனால் விலை ஒரு படி மேலே. உறையையும் பிடியையும் 'புதுசாக்கியவர்' அந்தச் சாட்சியத்தைத் தானே அழித்துவிடுகிறார்.

மூன்றாவது நட்டை இறுக்குவது. சமமாக ராவிய நட்டில் கருவி பிடிக்காது, வழுக்கி மூடியைக் கீறும். பிடித்தாலும் காய்ந்த வாஷர் வெடிக்கும். பயன்படுத்தப்போகும் கத்தியென்றால் பட்டறைக்கே அனுப்பிப் பிடியை மாற்றிக்கொள்ளலாம். ஆர்லாண்டோவில் அந்த வேலையைச் செய்கிறார்கள். சேகரிப்புக்கு என்றால் லேசான ஆட்டத்தோடு விடுவதே எங்கள் தீர்ப்பு. ஆடும் அசல் பிடி, இறுகிய மாற்றுப் பிடியைவிட மதிப்புள்ளது.

வைக்கும் இடம்

கத்தி ஓரிடம், உறை ஓரிடம். இரண்டுக்கும் ஒரே எண் எழுதிய காகிதச் சீட்டு. உறை சரிந்து தட்டையாகாமல் இருக்க அமிலமற்ற காகிதத்தைச் சுருட்டி உள்ளே வைக்கலாம்.

கத்தியைக் கிடையாக வைக்க வேண்டும். நுனி மேலாக நிறுத்திவைத்தால் அலகில் தடவிய எண்ணெய் மெல்ல வழிந்து காப்பின் கீழே தோலில் இறங்கும். எண்ணெய்க்குப் பதில் மெழுகைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இழுப்பறை ஓக் மரத்தில் இருந்தால் அதன் அமில ஆவி உலோகத்தைத் தாக்கும். விரிப்புக்கு பாலிஎத்திலீன் நுரை போதும். பிவிசி ஒட்டிக்கொள்ளும், சாதாரண மெத்தை நுரை சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகும்.

ஈரப்பதத்தில் இரு தரப்புக்கும் சமரசம் 45 முதல் 50%. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வெளிக்காற்று ஆண்டின் பெரும்பகுதி 65-80% என்பதால் திறந்த அலமாரி ஒத்துவராது. ரப்பர் விளிம்புள்ள டப்பாவும் மேலே சொன்ன பொட்டலமும் வேண்டும். வெறும் சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டால் எதிர்த் திசையில் தவறு: காற்று 20 சதவீதத்துக்கு இறங்கும், அலகு சிரிக்கும், பிடி பிளக்கும்.

அதே டப்பாவில் செல்லுலாய்டு பிடி போட்ட பழைய கத்தி எதுவும் இருக்கக் கூடாது. செல்லுலாய்டு பழசாகும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை விடும், அவை காற்றின் ஈரத்தோடு நைட்ரிக் அமிலமாகும். பக்கத்துக் கத்தியில் காரணமே தெரியாமல் துரு பரவினால், மூடியைத் திறந்ததும் கற்பூர வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்க்க வேண்டும்.

மற்றப் பிடிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும்

மைக்கார்ட்டாவுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. துணியையோ காகிதத்தையோ பீனால் பிசினில் அழுத்தியது அது, ஈரம் அதிகம் ஏறாது. அமெரிக்க விண்வெளி வீரர் கஸ் கிரிஸ்ஸமின் லிபர்ட்டி பெல் 7 விண்கலம் 1961-இல் அட்லாண்டிக்கில் மூழ்கி, சுமார் 4.5 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 1999-இல் தூக்கப்பட்டபோது அதற்குள் ரேண்டல் கத்தியும் இருந்தது. விண்வெளி வீரர்களுக்கென அடித்த அந்த மாடலுக்கு மைக்கார்ட்டா பிடி. தோல் பிடியானால் 38 ஆண்டு கடல்நீருக்குப் பிறகு என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பிசின் ஏற்றிய மரத்துக்கும் எண்ணெய் வேண்டாம், உள்ளே போக இடமில்லை. சோனோரா பாலைவனத்து அயர்ன்வுட் தானே எண்ணெய்ப் பசையுள்ளது, துணியால் தேய்த்தாலே மினுங்கும். மான்கொம்பு தனி விஷயம். வெளி ஓடு கெட்டி, நடுச்சோறு நுரை. எண்ணெய் நடுச்சோற்றில் இறங்கினால் மஞ்சள் கறை மேலேறும், அதைப் போக்க வழியில்லை. ஓட்டின் மேல் மெழுகு மட்டும். பெயர்பெற்ற அமெரிக்கக் கத்திகளின் பழைய கொம்புப் பிடிகளில் பல நம் கடமான், அதாவது மிளாவின் கொம்பு. இந்தியாவிலிருந்து அதன் ஏற்றுமதி 1990-களின் பிற்பகுதியில் நின்றுபோனதால் பழைய பிடிகளின் விலை ஏறியது. இந்தியாவுக்குள் தானாக உதிர்ந்த கொம்பையும் விற்கவோ வாங்கவோ சட்டம் அனுமதிக்கவில்லை என்பதால், அப்படிப்பட்ட கத்தியை இங்கே தருவிக்க நினைப்பவர் பணம் கட்டுவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோல் பிடிக்குத் திரும்பினால், மெழுகிட்ட பிறகு முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறை காப்பின் கோட்டை லென்ஸில் பார்க்க வேண்டும். பச்சை மெல்லிதாகத் திரும்பும். பழைய கொழுப்பு தோலுக்குள் இன்னும் இருக்கிறது. குச்சியால் எடுத்துத் தேதி எழுதிவைக்கலாம். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் குறைவாக வந்தால் வேறு எதுவும் செய்ய வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். குறையாமல் அதே அளவு வந்துகொண்டிருந்தால், முன்னாளில் யாரோ அந்தப் பிடியை எண்ணெயில் ஊறவைத்திருக்கிறார்கள். அந்தக் கத்திக்கு மெழுகையும் நிறுத்திவிட்டு, குச்சியும் பஞ்சும் மட்டும் வைத்துக்கொண்டு சில ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.